கப்பல் வந்தால்தான் வாய் திறக்கும்

சோறு தின்கிற தட்டையான மங்குக் கோப்பை ஒன்று சீமெந்துத் தரையில் விழுந்தால் உடனே அடங்கிவிடாது. முதலில் ஒரு துள்ளல். பிறகு விளிம்பில் நின்று சுழலும். சுழலச் சுழலச் சத்தம் குறுகும், குறுகக் குறுகப் பதறும், கடைசியில் யாரோ வாயைப் பொத்தியதுபோலச் சட்டென்று நின்றுபோகும். இன்று காலை பக்கத்து வீட்டுக் குசினியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பின்னாலேயே ஒரு தாயின் குரல்: "ஐயோ, நான் இனி என்னத்தைச் செய்ய!" பேனையோடு இருந்த எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. எழும்பிப் போய்த் துணி தேட வேண்டும், சோற்றுப்பருக்கை பொறுக்க வேண்டும், கோபத்தை விழுங்க வேண்டும். வருடங்கள் எத்தனையோ போய்விட்டன. அந்தச் சத்தத்துக்கு என் உடம்பு இன்னும் கூலியில்லாத வேலைக்காரன்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீடு உட்துறைமுக வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில். நான் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். வருகிற கப்பல், போகிற கப்பல், ஏற்றியது, இறக்கியது என்று எழுதிக் கொடுப்பவன். மனைவி பயிற்சி பெறாத ஆசிரியை. மட்டக்களப்பில் பயிற்சிக் கல்லூரிக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருடம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். போகாமல் விட்டால் காலமெல்லாம் அரைச் சம்பளம்.

பெட்டி கட்டிக்கொண்டே அவள் சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது.

"தையிலை நேர்சரி தொடங்கும். அங்கை பிள்ளையளைக் கழுவிவிடவோ தீத்திவிடவோ ஆக்களில்லை. அதுக்குள்ளை அவ தன்ரை கையாலை சாப்பிடவேணும், தானாக் கக்கூசுக்குப் போய்வரவேணும், உடுப்பு மாத்தவேணும். அப்பிடியெண்டா உங்களோடை நிக்கட்டும். இல்லாட்டி அக்கா கூட்டிக்கொண்டு போகட்டும்."

"ஆர் தீர்ப்புச் சொல்லுறது?"

"அக்காதான். அவ தையிலை வந்து பாப்பா."

"உன்ரை அக்காவோ? நல்ல நீதவான்!"

"உங்களுக்கு வேறை ஆள் இருக்கோ? இருந்தாச் சொல்லுங்கோ."

இல்லை. அதுதான் எரிச்சல். சரி என்று வாக்குக் கொடுத்தேன். அந்த அக்கா, என் மச்சாள், குடாவுக்கு அந்தப் பக்கம் கட்டைபறிச்சானில் இருந்தாள். வயல், மாடு, பெரிய வளவு, பிள்ளை மட்டும் இல்லை. என் மகள் பிறந்த நாளிலிருந்தே அந்தக் கைகள் கொட்டியார்க் குடாவைத் தாண்டி நீண்டுகொண்டிருந்தன. நல்ல கைகள்தான். அதனால்தான் பயம். ஒருமுறை போனால் பிள்ளை இரண்டு வருடமும் அங்கேதான். நான் குடாவைக் கடக்கும் மூதூர் லோஞ்சு ஓடுகிற ஞாயிறுகளில் போய், திண்பண்டம் கொடுத்து, திரும்பிவருகிற ஒரு விருந்தாளி. தாயும் இல்லாத, பிள்ளையும் இல்லாத வீட்டில் நானும் அலுமாரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிள்ளையை விடமாட்டேன் என்று முடிவு செய்தேன். முடிவு செய்வது எவ்வளவு சுகமான வேலை! மனைவியின் பஸ் புறப்பட்ட அன்று மத்தியானம் நான் கோப்பையில் சோறு போட்டு, மீன்குழம்பு விட்டு, குசினித் தரையில் மகளை இருத்தி முன்னால் வைத்தேன்.

"ம், சாப்பிடு."

அவள் கோப்பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"கப்பல் எங்கை?"

"கப்பல் இல்லை. சோறு இருக்கு."

"கப்பல் வந்தாத்தானே அப்பா வாய் திறக்கும்."

மழை மேலேயிருந்துதான் பெய்யும் என்று ஒரு மடையனுக்கு விளக்குகிற குரல். அந்தப் பொறுமை எனக்கு இல்லாத பொறுமை.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் ஒழுங்கையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் பிள்ளைக்கு நிலவைக் காட்டிச் சோறு தீத்துவார்கள். நிலவு மாதத்தில் பாதி நாள் வராது. எங்கள் தண்ணீரில் எப்போதும் ஏதாவது ஒன்று அசையும். அதனால் அந்தியில் தாய்மார் கோப்பையும் பிள்ளையுமாகக் கடலோரக் கட்டுக்கு வந்துவிடுவார்கள். மூதூர் லோஞ்சு வந்தால் ஒரு வாய். சாமான் ஏற்றிய வத்தை போனால் ஒரு வாய். தோணிக்கு ஒரு சின்ன வாய். நங்கூரமிட்ட கப்பலில் விளக்குப் பற்றினால், பிள்ளை வியந்து வாய் பிளக்கும் அந்த நொடியில், முட்டையோடு ஒரு பெரிய வாய். கட்டு நெடுகத் திறந்த வாய்கள், குருவிக்கூடுகளை வரிசையாக வைத்ததுபோல. பிள்ளைக்குத் தான் சாப்பிடுகிறோம் என்றே தெரியாது. கண் கடலுக்குப் போகும், கை மடியில் கிடக்கும், வாய்க்குள் யாரோ எதையோ வைப்பார்கள், வயிறு நிரம்பும். ஐந்து வருடம் இப்படி வளர்த்துவிட்டு, ஒரு நாளில் சுவரைக் காட்டிச் சாப்பிடு என்றால்?

கடல் வெறுமையாகக் கிடக்கும் நாட்களில் என் மனைவி தாராளமாக நடந்துகொள்வாள். தேங்காய்ப் பொச்சு ஒன்று மிதந்து வந்தாலும், "அங்கை பார், கப்பல்!" என்பாள். என்னால் அது முடியவில்லை. கப்பலின் பெயர், கொடி, எடை எல்லாம் எழுதிக் கையெழுத்து வைக்கிற கந்தோரில் இருந்துகொண்டு பொச்சைக் கப்பல் என்று சொல்ல நாக்கு வளையவில்லை.

சரி, கடலுக்கே போவோம் என்று அடுத்த நாள் கட்டுக்குக் கூட்டிப்போனேன். கோப்பையை அவள் மடியில் வைத்தேன். லோஞ்சு வந்தது. வாய் அழகாகத் திறந்தது. கை? கை சோற்றுக்குப் பக்கத்தில் செத்த மீன்போலக் கிடந்தது.

"கையாலை எடுத்து வையம்மா."

"ஆ," என்றாள், வாயை இன்னும் அகலமாகத் திறந்து.

"உன்ரை கையாலை!"

"கெதியா அப்பா, லோஞ்சு போகப்போகுது!"

லோஞ்சு போயிற்று. வாய் மூடியது. பக்கத்தில் தங்கள் பிள்ளைகளுக்குத் தீத்திக்கொண்டிருந்த தாய்மார் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை. ஒரு பிள்ளையைக் கடலுக்கு முன்னால் இருத்திப் பட்டினி போடுகிற ஆண்பிள்ளை.

அவர்களில் எனக்குப் பெரிய இடைஞ்சல் அடுத்த வீட்டுப் பெண். கிண்ணியாவிலிருந்து கலியாணம் செய்து எங்கள் ஒழுங்கைக்கு வந்தவள். வேலிக்கு மேலால் சம்பலும் கதையும் கைமாறுகிற அளவுக்குப் பழக்கம். நான் கந்தோரில் இருக்கும் நேரம் மகள் அவளிடம்தான். அவள் இல்லாவிட்டால் நான் வேலையை விட்டிருக்க வேண்டும். அவள் இருந்ததால் நான் செய்த வேலை ஒன்றும் மிஞ்சவில்லை. காலையில் நான் அரைமணி நேரம் மல்லுக்கட்டி, மகளைத் தன் கையாலேயே பாண் துண்டில் கால்வாசியைத் தின்ன வைத்துவிட்டுப் போவேன். பின்னேரம் வந்தால் பிள்ளை வயிறு முட்டி, கொலுவில் வைத்த பொம்மைபோல இருப்பாள், விரலில் ஒரு பருக்கையும் ஒட்டாமல்.

"தங்கச்சி, நான் சொன்னனான் எல்லே, தீத்தவேண்டாமெண்டு?"

"நான் தீத்தல்ல அண்ணன். அவ வாயத் திறந்தா. நான் வெச்சன்."

"அதுக்குப் பேர்தான் தீத்துறது!"

"என்னத்த அண்ணன் நீங்க. புள்ள பசியோட இரிக்கிறத பாத்துக்கிட்டு எண்ட கை சும்மா இரிக்குமா? நீங்க கப்பலுக்குக் கணக்கெழுதுற ஆள். உங்களுக்கு மனசு இரும்பு."

நான் வீதியில் நின்று கத்தலாம்போல் இருந்தது. கத்தினால் நாளைக்கு யார் பிள்ளையைப் பார்ப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி தங்கச்சி," என்றேன். அந்தப் பல் இப்போது இல்லை.

சாப்பாட்டைப் பழக்கியது நானில்லை. ஒரு காகம். கடலோரக் கட்டின்மேல் இருந்தபடி மகள் ஏதோ வத்தையை வாய்பிளந்து பார்த்திருந்த நேரம் அது வந்து, கோப்பையிலிருந்த பொரித்த பாரைத் துண்டைக் கொத்திக்கொண்டு பறந்தது. பறந்து தூரம்கூடப் போகவில்லை. பக்கத்து மதகில் இருந்து அவளைப் பார்த்துக்கொண்டே தின்றது. என் மகள் அப்படி அழுது நான் கண்டதில்லை. அது பசி அழுகை இல்லை. களவு கொடுத்தவனின் அழுகை. "என்ரை மீன்! என்ரை மீன்!" கோப்பையும் விழுந்து சுழன்று அடங்கியது. அடுத்த நாள் அவள் தானாகக் குசினிக்குள் போய், சுவரைப் பார்த்து இருந்து, இடக்கையைக் கோப்பையைச் சுற்றி வளைத்து, வலக்கையால் அள்ளி அள்ளித் தின்றாள். யாராவது கிட்டப் போனால் முறைத்தாள். நான் எவ்வளவு கெஞ்சினேன், எத்தனை விதமாய் மிரட்டினேன், பாட்டுக்கூடக் கட்டினேன். ஒரு கறுப்புச் சண்டியன் ஒரு கொத்தில் முடித்துவிட்டுப் போனான். நன்றி சொல்ல மனம் வரவில்லை.

கக்கூசு வேறு போர். வளவின் பின்மூலையில் வேலியோடு ஒட்டி நின்றது அது. எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை உள்ளேயிருந்து "முடிஞ்சூஊஊ!" என்று குரல் கொடுத்தால், எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. கிட்ட நிற்கிற பெண் சேலையைச் செருகிக்கொண்டு ஓடிவருவாள். சில நேரம் இரண்டு பேர் வந்து வாசலில் முட்டிக்கொள்வார்கள். இப்படி ஒரு சேவை இருக்கும்போது எந்தப் பிள்ளை கழுவப் பழகும்? நான் வாசலில் காவல் நின்றேன், வாளியும் பேணியும் உள்ளே, மகளும் உள்ளே.

"முடிஞ்சூஊஊ!"

வேலிக்கு அப்பால் வளையல் சத்தம். அடுத்த வீட்டுப் பெண் வந்துவிட்டாள்.

"தங்கச்சி, வரவேண்டாம். அவவே கழுவட்டும்."

"எப்பிடி அண்ணன் கழுவுற? சின்னப் புள்ள. கை எட்டாதே!"

"எட்டும்."

"எட்டாது அப்பா!" என்றது உள்ளேயிருந்து.

"கேட்டீங்களா? அந்தப் புள்ளயே சொல்லுது."

"நீங்கள் சொல்லிக் குடுத்துத்தான் அது சொல்லுது. பிள்ளை, பேணியிலை தண்ணி எடு. வலக்கையாலை ஊத்து. இடக்கையாலை..."

"அண்ணன், கோவிக்காதீங்க, ஒண்டு கேக்கிறன். உங்கட பொஞ்சாதி இரிக்கக்குள்ள நீங்க செம்புல தண்ணி வார்த்துக் குடிச்சத நான் ஒருநாளும் காணல்ல. சேட்டுக்குத் தெறி பூட்டுறதும் அவதான். இப்ப அஞ்சு வயசுப் புள்ளக்கிப் பாடம்!"

"அது வேறை கதை."

"ஓம், ஓம். பெரியாக்கள்ற கதை எப்பவும் வேற கதைதான்."

உள்ளே தண்ணீர் இறைகிற சத்தம். ஒரு பேணி, இன்னொரு பேணி, பிறகு வாளியே சரிந்த சத்தம். கதவு திறந்தது. தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட வந்து நின்றாள். புதுச் சவுக்காரக் கட்டி பாதியாகக் கரைந்திருந்தது. எதைக் கழுவினாள், எதை விட்டாள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் கழுவுப்பட்டிருந்தது, கதவும் கூட.

"கழுவிப்போட்டன்," என்றாள்.

அடுத்த வீட்டுப் பெண் வேலியில் கைவைத்துச் சிரித்துக்கொண்டே நின்றாள். நான் அந்த ஈரத்தையெல்லாம் துடைத்தேன்.

ஆனால் சாப்பாடும் கக்கூசும் ஒன்றுமில்லை. காலை உடுப்புத்தான் என்னைத் தின்றது. மாவுத் தட்டுப்பாட்டில் பாணுக்கு வரிசையில் நிற்கிற காலம் அது. இருட்டோடு போய் நின்று, பாணோடு ஓடிவந்து, தேத்தண்ணி வைத்து, குளித்து, பிள்ளையை எழுப்பி, கந்தோரில் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுவதற்குள் போய்ச் சேர வேண்டும். இந்த ஓட்டத்தின் நடுவில் ஒரு ஐந்து வயதுப் பெண் தன் சட்டையின் முன்பொத்தானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பொத்தான் இங்கே, ஓட்டை அங்கே. நாக்கு வெளியே வருகிறது, உதட்டோரம் போகிறது. பொத்தான் ஓட்டைக்கு வருகிறது, பாதி நுழைகிறது, நழுவுகிறது. அவள் பெருமூச்சு விடுவதில்லை. அவசரப்படுவதில்லை. உலகத்தில் அந்த ஓட்டையைத் தவிர வேறு ஒன்றும் இல்லாதவள்போல மறுபடி தொடங்குகிறாள். ஒரு கப்பல் நங்கூரத்தைத் தூக்கி, திரும்பி, வெளித்துறைமுகம் தாண்டி, புகையாகி, புகையும் இல்லாமலாகிவிடும். அவள் இரண்டாம் பொத்தானுக்கு வந்திருக்கமாட்டாள். பிள்ளைகளுக்கு நேரம் என்பது தண்ணீர்போல எங்கும் கிடக்கிறது, கால் நனைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்களுக்கு அது பாண். வரிசையில் நின்று வாங்கியது.

என் விரல்கள் அரித்தன. உண்மையாகவே அரித்தன. ஒரு நொடி வேலை. குனிந்தால் முடிந்தது. சிலநாள் குனிந்தேன், பூட்டினேன், தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்றெல்லாம் அவள் அடுத்த வீட்டு வாசலில் வைத்து எல்லாப் பொத்தானையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். எனக்குச் சிவப்புக் கோடு விழும்.

பின்னல் என்னால் முடியவே முடியவில்லை. அவளாலும் முடியவில்லை. ஒரு நாள் கத்திரிக்கோலை எடுத்து அந்தப் பிரச்சினையை அடியோடு முடித்துவைத்தேன்.

மாரி வந்தது. கடல் பெருத்தது, லோஞ்சு பலநாள் ஓடவில்லை, மழையில் ஒழுங்கை ஆறாகியது. அந்த மழைக்குள் மெல்ல மெல்ல ஏதோ நடந்தது. நான் அதை நின்று பார்க்க நேரமில்லாமல் சலித்துக்கொண்டே இருந்தேன். தை பிறந்தபோது அவள் தின்றாள், கழுவினாள், முன்னுக்குப் பின்னாகவாவது உடுத்தாள். எனக்குள் ஒரு சின்னத் திமிர் வந்தது. வரட்டும் மச்சாள் என்று இருந்தேன்.

நேர்சரி தொடங்கத் திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை மச்சாள் லோஞ்சில் வந்து இறங்கினாள். ஒரு சாக்குப் புது அரிசி, சட்டியில் எருமைத் தயிர், பிள்ளைக்கு வார் வைத்த புதுச் சப்பாத்து. இறங்குதுறையிலேயே பிள்ளையின் தலையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஆரடி உன்ரை தலைமயிரை வெட்டினது? எலி கடிச்ச மாதிரி!"

"அப்பா. அவருக்குப் பின்ன ஏலாதாம்."

"ஏலாதெண்டு வெட்டினவரோ! நல்ல காலம், தீத்த ஏலாதெண்டு வாயைத் தைக்கேல்லை."

அவள் சிரிக்கவில்லை. பிள்ளையின் முழங்கால் காயம், நகத்துக்குள் அழுக்கு, கழுத்தெலும்பு எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீருக்கு எதிராக என்னிடம் என்ன ஆயுதம்?

சனிக்கிழமை அந்தி. கந்தோரிலிருந்து பிந்தி வந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. கட்டுக்குப் போனேன். மச்சாள் கோப்பையோடு, அவள் மடியில் என் மகள், கடலைப் பார்த்தபடி, கை மடியில் கிடக்க, வாய் ஆவென்று திறந்து.

"மூதூர் லோஞ்சு வருது பார், ஆ..."

மாதக்கணக்கான என் வேலை ஒவ்வொரு வாயாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"மச்சாள், அவ தானாச் சாப்பிடுவா. கோப்பையை அவவிட்டைக் குடுங்கோ."

"சாப்பிடட்டும் தம்பி, ஆர் வேண்டாமெண்டது? நான் இருக்கேக்கை பிள்ளை ஏன் கஷ்டப்படவேணும்?"

"கஷ்டமில்லை. பழக்கம்."

"அஞ்சு வயசிலை என்ன பழக்கம்? நாளைக்கு வயலும் வெட்டட்டோ?"

"பிள்ளை, நீ தானாச் சாப்பிடுவாயெல்லே? பெரியம்மாவுக்குச் சொல்லு."

மகள் வாயிலிருந்ததை நிதானமாக மென்றாள், விழுங்கினாள், யோசித்தாள்.

"சாப்பிடுவன்," என்றாள். "ஆனா பெரியம்மா தீத்தினா நல்ல ருசி."

மச்சாள் என்னைப் பார்த்த பார்வையில் வெற்றி இல்லை, இரக்கம் இருந்தது. அது இன்னும் மோசம்.

"தம்பி, கோவிக்காதேங்கோ. நீங்கள் பாடுபட்டிருக்கிறியள், விளங்குது. ஆனா பிள்ளை மெலிஞ்சு போச்சு. நாளைப் பின்னேரம் நான் கூட்டிக்கொண்டு போறன். என்ரை தங்கச்சிக்கு நான் சொல்லுறன்."

"அவவாலை ஏலாதெண்டில்லை மச்சாள். நீங்கள் ஒருத்தரும் விடுறியளில்லை!"

"கத்தாதேங்கோ. ஆக்கள் பாக்கினம்."

ஆட்கள் பார்த்தார்கள். கடலும் பார்த்தது. வாக்குக் கொடுத்தவன் நான், தீர்ப்புச் சொல்லப்பட்டாயிற்று. மகளுக்கோ லோஞ்சில் போகப்போகிற சந்தோசம். ஞாயிறு காலை அவளே தன் பையை அடுக்கினாள்: சட்டைகள், சீப்பு, பல் துலக்க உமிக்கரிப் போத்தல். நன்றாகத்தான் அடுக்கினாள். மச்சாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திரும்ப மடித்து வைத்தாள். நான் குசினிக்குள் போய்ச் செம்பில் தண்ணீர் வார்த்துக் குடித்தேன்.

பின்னேரம் இறங்குதுறையில் காற்று. லோஞ்சு கயிற்றில் நின்று துறையின் பலகைத் தட்டோடு மோதிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கடைசி லோஞ்சு அது. சாமான்கள் ஏறின, மச்சாளின் பெட்டி, வெறும் தயிர்ச் சட்டி; பிள்ளையின் பை என் தோளில். மச்சாளுக்கு நிற்க ஏலாது; புருசன் வயற்காவலில், விடியப் பால் கறக்க வேறு ஆளில்லை. ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது மகளின் புதுச் சப்பாத்து ஒன்று கழன்று பலகையில் நின்றுவிட்டது. அவள் திரும்பிப் போய்ப் பலகையில் சப்பணமிட்டு இருந்தாள். காலை விட்டாள். வாரை இழுத்தாள். புதுத் தோல், விறைத்திருந்தது, கொளுக்கி நழுவியது.

மச்சாள் ஏறியிருந்தவள் இறங்கி வந்தாள். "கொண்டா பிள்ளை, நான் கொளுவிவிடுறன்."

"வேண்டாம். நானே."

"லோஞ்சு போகப்போகுதடி!"

"நானே!" காலை இழுத்துத் தனக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"அக்கா, ஏறுறியளோ இல்லையோ?" என்றான் லோஞ்சுக்காரன். "காத்து மாறுது. உங்களுக்காகக் கடல் நிக்காது."

மச்சாள் பிள்ளையைத் தூக்கப் பார்த்தாள். அது தூக்குப்பட மறுத்த ஒரு கல்லாகி, சப்பாத்தைப் பிடித்த கையோடு பலகையில் கனத்துக் கிடந்தது. அலறியது. இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"தம்பி! நீங்களாவது கொளுவிவிடுங்கோவன்! பாத்துக்கொண்டு நிக்கிறியளே!"

ஒரு நொடி வேலை. குனிந்தால் முடிந்தது. என் விரல்கள் அரித்தன. இத்தனை மாதமும் அரித்ததைவிட அதிகமாக அரித்தன. கைகளைக் கட்டிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

"அவவுக்குத் தெரியும், மச்சாள்."

"ஐயோ, ரெண்டு பேரும் ஒரே இனம்!"

கயிறு அவிழ்ந்தது. லோஞ்சுக்காரன் கையை நீட்டினான். மச்சாள் என்னையும் பிள்ளையையும் கடலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சேலையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஏறித் திரும்பி, பிள்ளையை எட்டித் தரச்சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள். நான் அசையவில்லை. பலகைக்கும் லோஞ்சுக்கும் நடுவில் தண்ணீர் ஒரு முழமாயிற்று, இரண்டு கையும் விரித்த ஒரு பாகமாயிற்று. சங்கு ஊதியது. மகள் நிமிரவில்லை. நாக்கு உதட்டோரத்தில் இருந்தது. வார் உள்ளே போயிற்று, வந்தது, போயிற்று. நீட்டிய கைகளை மச்சாள் மெல்லக் கீழே விட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கம்பியைப் பிடித்தபடி அந்தக் குனிந்த எலி கடித்த தலையை, அந்த விரல்களை, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு போனாள்.

கொளுக்கி விழுந்தது. மகள் எழும்பி ஓடிவந்து பலகை ஓரத்தில் நின்றாள். நான் சட்டையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"பெரியம்மா! கொளுவிப்போட்டன்! இப்ப வாங்கோ!"

"கண்டனான், கண்டனான்!" இயந்திரச் சத்தத்துக்கு மேலால் மச்சாளின் குரல் வந்தது. "தம்பி! நாளைக்கு அவவை நேர்சரிக்கு நேரத்தோடை வெளிக்கிடுத்துங்கோ! மற்றச் சப்பாத்தையும் கொளுவி முடிக்க மத்தியானம் ஆகும்!"